லிங்கன் மார்க் 5 (1978): ஹெட்லைட் மூடி தானாகத் திறக்கிறது, ஏசி காற்று கண்ணாடிக்கே போகிறது, கியர் முரட்டுத்தனமாக மாறுகிறது

தெம்பனிஸ்_மார்க்5 கேட்டது:

வணக்கம். வண்டி 1978 லிங்கன் கான்டினென்டல் மார்க் 5. 400 கன அங்குல எஞ்சின், சி6 ஆட்டோ கியர். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவானது, அதனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் நின்றபடிதான் இருக்கும். நிலப் போக்குவரத்து ஆணையம் தொடர்பாக எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. கோளாறைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

1. ராத்திரி ஹெட்லைட் மூடிகள் மூடியிருக்க நிறுத்தினால், காலையில் இரண்டும் பாதி திறந்து கிடக்கின்றன.

2. ஏசி காற்று டேஷ்போர்டு துவாரங்களில் நன்றாக வருகிறது. பல மாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போதும், தீவு விரைவுச்சாலையில் நுழைய ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் முன்கண்ணாடிப் பக்கம் மாறிவிடுகிறது. காலை எடுத்தால் மெதுவாகத் திரும்பி வருகிறது.

3. டேஷ்போர்டுக்குள் இடது பக்கம் "உஸ்" என்று மெல்லிய சத்தம்.

4. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தாமதமாகவும் உதறலோடும் மாறுகிறது.

ஒரு பட்டறையில் ஹெட்லைட் மூடியின் மோட்டாரை (மின் மோட்டார் இல்லை, வேக்குமில் நகரும் டயஃப்ரம் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஏசியின் தானியங்கி வெப்பக் கட்டுப்பாட்டு யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். இரண்டும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், வந்த பிறகு திருப்பி அனுப்ப முடியாது. எதை முதலில் சோதிப்பது? கையில் வேக்கும் கேஜும் கைப்பம்பும் இருக்கின்றன.

---

வேக்கும்_வேலன்:

நான்கையும் தனித்தனிக் கோளாறாகப் பார்க்காதீர்கள். மார்க் 5-ல் ஹெட்லைட் மூடி, ஏசியின் காற்றுக் கதவுகள், பார்க்கிங் பிரேக் தானாக விடுபடுவது, க்ரூஸ் கன்ட்ரோல், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ், சி6-ன் மாடுலேட்டர் (எஞ்சின் பாரத்தைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் பாகம்) எல்லாமே எஞ்சின் மேனிஃபோல்டின் உறிஞ்சலை, அதாவது காற்று உள்ளே போகும் குழாயில் உண்டாகும் வேக்குமை, நம்பித்தான் ஓடுகின்றன. உறிஞ்சல் குறைந்தால் எல்லாம் ஒருசேரக் கெடும், உங்கள் வண்டியில் நடப்பது போலவே. எந்தப் பாகத்துக்கும் இப்போது ஆர்டர் போட வேண்டாம்.

ஏசி ஏன் கண்ணாடிப் பக்கம் போகிறது? ஃபோர்டு அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. உறிஞ்சல் இல்லாவிட்டால் ஸ்பிரிங் கதவுகளைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும், பனி மூடிய ஊரில் கண்ணாடியாவது தெளிவாக இருக்கட்டும் என்று. ஹெட்லைட் மூடியும் அப்படித்தான். உறிஞ்சல் போனால் ஸ்பிரிங் மூடியைத் திறந்துவிட வேண்டும், மூடியபடி மாட்டிக்கொள்ளக் கூடாது. கோளாறு வந்தாலும் கருவி எதுவும் இல்லாமல் மூடியைத் திறக்க முடிய வேண்டும் என்று அந்தக் காலத்து அமெரிக்கப் பாதுகாப்பு விதி 112-ம் கேட்டது. ஆக உங்கள் மூடிகள் திறப்பது சரி. இவ்வளவு சீக்கிரம் திறப்பதுதான் தவறு.

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் சரியும். அந்த நேரத்துக்காகத்தான் ஒரு வேக்கும் டேங்க்கும், எஞ்சினுக்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு செக் வால்வும் (காற்றை ஒரு திசையில் மட்டும் விடுவது) வைத்திருக்கிறார்கள். சரிவில் ஏறும் அந்தச் சில விநாடிகளைக்கூட டேங்க் தாங்கவில்லை என்றால், செக் வால்வு பின்னோக்கி விடுகிறது, அல்லது டேங்க்குக்குப் பிறகு எங்கோ பெரிய கசிவு இருக்கிறது.

எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். நன்றாகச் சூடான பிறகு மேனிஃபோல்டில் நேரடியாகக் கேஜை மாட்டுங்கள். நியூட்ரலில், ஏசி இல்லாமல், 17-லிருந்து 21 இன்ச் மெர்க்குரி வரை முள் ஆடாமல் நிற்க வேண்டும் (18 இன்ச் என்றால் சுமார் 61 கிலோபாஸ்கல்). சிங்கப்பூர் கடல் மட்டத்தில் இருப்பதால் புத்தகத்தில் உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உயரத்துக்காகக் கழிக்க வேண்டியதில்லை. அடுத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் போட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் நெரிசலில் வண்டி இருக்கும் நிலை இதுதான். இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் எடுப்பதே இல்லை, எனக்கோ அதுதான் முக்கியம்.

முள் சொல்வதைக் கவனியுங்கள். ஆடாமல் ஆனால் 14, 15-ல் நின்றால் இக்னிஷன் டைமிங்கோ வால்வு டைமிங்கோ பின்தங்கியிருக்கிறது. ஒரே தாளத்தில் விட்டுவிட்டுத் துடித்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. மெதுவாக மேலும் கீழும் அலைந்தால் கார்புரேட்டர் கலவையைப் பாருங்கள்.

அடுத்தது செக் வால்வு. கழற்றி இரண்டு பக்கமும் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டுமே போக வேண்டும். கொஞ்சம் மறுபக்கம் போனாலும் மாற்றிவிடுங்கள். மலிவான பொருள், இதற்கு லிங்கன் பெயர் போட்டதே வேண்டும் என்பதில்லை. திசை மாற்றி மாட்டினால் எதுவுமே வேலை செய்யாது, எஞ்சின் பக்கம் எது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

பிறகு டேங்க். எல்லாக் குழாயையும் எடுத்து ஒன்றைத் தவிர மற்ற முனைகளை ரப்பர் மூடியால் அடைத்து, கைப்பம்பால் 18 இன்ச் வரை இழுங்கள். பத்து நிமிடம் கழித்தும் முள் அதே இடத்தில் இருக்க வேண்டும். இறங்கினால் தையல் ஓரத்தில் துரு ஓட்டை இருக்கும். இங்குள்ள ஈரத்தில் அது சகஜம்.

டேங்க் தாங்கினால், அதிலிருந்து பிரியும் கிளைகளை ஒவ்வொன்றாக இணைத்து அதே சோதனை. முள் எந்தக் கிளையை இணைத்ததும் விழுகிறதோ அங்கே கசிவு. நாலு கிளையையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டுத் தேடினால் நாள் முழுக்க உஸ் சத்தத்தைத் துரத்த வேண்டியதுதான்.

---

சின்மிங்_சிவா:

வேலன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. மூடியின் மோட்டார் கெட்டிருக்கிறதா என்று ஒரு ராத்திரியில் கண்டுபிடித்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது மூடிகள் முழுதாக மூடட்டும். எஞ்சினை நிறுத்திய கையோடு, மூடியை மூடி வைக்கும் குழாயை மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஹோஸ் கிளாம்ப்பால் நெரித்துவிடுங்கள். காலையில் மூடியே இருந்தால் மோட்டாரின் டயஃப்ரம் நல்லது, கசிவு அதற்கு முன்னால். நெரித்தும் திறந்திருந்தால் மோட்டார் போய்விட்டது. பழைய குழாய் காய்ந்து கட்டையாக இருந்தால் நெரிக்கும்போதே உடையும். அப்போது கைப்பம்பை மோட்டாரின் முனையில் நேராக மாட்டி 15 இன்ச் இழுத்து வையுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். எத்தனை முனை இருக்கிறதோ அத்தனையையும் தனித்தனியாக.

இடது பக்க உஸ் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஹெட்லைட் சுவிட்ச்சை. அதன் முதுகில் ஒரு வேக்கும் வால்வு ஒட்டியிருக்கும், மூடிக்குப் போகும் உறிஞ்சலைத் திருப்பிவிடுவது அதுதான். உள்ளே இருக்கும் ரப்பரும் கிரீஸும் காய்ந்தால் ஓயாமல் காற்றை இழுக்கும். சுவிட்ச்சை ஆஃப், பார்க்கிங், ஹெட்லைட் என்று மாற்றும்போது சத்தம் மாறுகிறதா, நிற்கிறதா என்று கேளுங்கள். மாறினால் ஆள் அகப்பட்டுவிட்டார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் அந்த இடத்தில் கை வைக்காதீர்கள், சுவிட்ச்சில் எப்போதும் மின்சாரம் இருக்கும். குழாய்க் கொத்தை இழுக்கும் முன் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் போடுங்கள். குழாய்களின் நிறக்கோடு 45 வருஷத்துக்கு மேல் ஆனதில் மங்கியிருக்கும், அதை நம்பாதீர்கள்.

குழாய் வாங்கும்போது: மெல்லிய கிளைகளில் பெரும்பாலும் 5/32 அங்குலம் வரும், அதற்கு 4 மிமீ உள்விட்டம் சரியாக உட்காரும். 1/8 அங்குல முனைக்கு 3 மிமீ, 7/32-க்கு 5.5 மிமீ. முதலில் காலிப்பரால் முனையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 4 மிமீ குழாய் 6 மீட்டர், மற்றவை 2 மீட்டர் எடுத்தால் எஞ்சின் பக்கத்துக்கும் டேஷ்போர்டுக்கும் போதும்.

சிலிக்கான் குழாய் வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் சுவர் தடிமன் 2 மிமீக்குக் குறைந்தால் எஞ்சின் சூட்டில் வளைவுகளில் சப்பிப்போகும். வெளியே பார்த்தால் புதுக் குழாய், உள்ளே வழி அடைப்பு, கண்டுபிடிக்கவே முடியாது. பிசிவி குழாய்க்கும் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுப்பது) கியர்பாக்ஸ் மாடுலேட்டர் குழாய்க்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். அங்கே எண்ணெய் தாங்கும் ரப்பர்தான்.

---

கியர்பாக்ஸ்_ராஜா:

நாலாவது புள்ளிக்கு வருகிறேன். சி6-க்கு எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று சொல்வதே மாடுலேட்டருக்குப் போகும் உறிஞ்சல்தான். உறிஞ்சல் குறைந்தால் ஓட்டுநர் அழுத்தி மிதிக்கிறார் என்று கியர்பாக்ஸ் எடுத்துக்கொண்டு, உள் அழுத்தத்தை ஏற்றித் தாமதமாக, பலமாக மாற்றும். அதனால் கியர்பாக்ஸைத் திறக்கும் பேச்சே இப்போதைக்கு வேண்டாம்.

வண்டியைத் தூக்கி, கியர்பாக்ஸின் பின்பகுதியில் இருக்கும் மாடுலேட்டரின் ரப்பர் குழாயைப் பிடுங்குங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, எஞ்சின் கியர் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வருவதும், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கியர் எண்ணெய் குறைவதும் அதனால்தான். குழாய் உலர்ந்திருந்தால் அதே முனையில் கேஜை மாட்டி எஞ்சினை ஓட விடுங்கள். மேனிஃபோல்டில் பார்த்த எண் இங்கேயும் வர வேண்டும். குறைந்தால் இரும்புக் குழாயின் இரண்டு ரப்பர் முனைகளில் ஒன்று வெடித்திருக்கும், அதிலும் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது.

மாடுலேட்டரை மாற்ற ஒரு போல்ட்டும் ஒரு கவ்வியும்தான். வெளியே எடுக்கும்போது அதன் பின்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கும், அது நழுவி விழுந்தால் உடனே எடுத்து வையுங்கள். கம்பி இல்லாமல் மாட்டினால் கியர் மாறும் நேரமே தலைகீழாகிவிடும். எண்ணெய் சேர்க்கும்போது டிப்ஸ்டிக்கில் பொறித்திருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். பழைய ஃபோர்டு என்றாலே டைப் எஃப் என்று ஊற்றிவிடுகிறார்கள், எல்லா வருஷத்துக்கும் அது பொருந்தாது.

---

மின்சார_மணி:

ஏன் இவ்வளவு பாடு? ஹெட்லைட் மூடிக்கு 12 வோல்ட் மின் ஆக்சுவேட்டர் இரண்டு, ரிலே இரண்டு போட்டுவிட்டால் குழாய்த் தொல்லையே இல்லை. 1965 பியூயிக் ரிவியராவின் விளக்கு மூடிகளே மின் மோட்டாரில்தான் ஓடின. இது ஒன்றும் அந்தக் காலத்துக்கு அந்நியமான ஏற்பாடு இல்லை.

---

வேக்கும்_வேலன்:

மணி, ரிவியரா பற்றிச் சொன்னது சரி. ஆனால் 1967 கேடிலாக் எல்டொராடோ, அதே வருஷத் தண்டர்பேர்ட், 1968 ஏப்ரலில் வந்த மார்க் 3, பிறகு மார்க் 4, 5 எல்லாம் உறிஞ்சலையே தேர்ந்தெடுத்தன. எஞ்சின் எப்படியும் உண்டாக்கும் சக்தி, சத்தமில்லை, மோட்டார் சூடாவதில்லை, உறைபனியில் மூடி ஒட்டிக்கொண்டால் எரிந்துபோக எதுவும் இல்லை. ஒருவர் தனக்காக வாங்கும் இரண்டு கதவுச் சொகுசு வண்டியில் எல்லாம் ஓசையில்லாமல் தானாக நடக்க வேண்டும் என்பதே அந்த வகைக் கார்களின் உயிர். அந்த மூடிகள் அவசரமில்லாமல் ஏறி இறங்கும் விதம் மின் ஆக்சுவேட்டரில் வராது.

அழகை விடுங்கள். உங்கள் யோசனையில் இரண்டு ஓட்டைகள். ஆக்சுவேட்டர் போட்டால் மூடி சரியாகும், கசிவு அப்படியே இருக்கும். ஏசியும் கியரும் மாறாது, எஞ்சின் காற்றைக் கூடுதலாக இழுத்து மெலிந்த கலவையில் சூடாக ஓடும். அடுத்தது, ஃபியூஸ் போனால் மின் ஆக்சுவேட்டர் இருக்கும் நிலையிலேயே நின்றுவிடும். கொட்டும் மழையில் ராத்திரி விரைவுச்சாலையில் மூடி மூடியபடி நிற்பதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங் வைத்தார்கள். அதை எடுக்காதீர்கள்.

---

தெம்பனிஸ்_மார்க்5:

எல்லோருக்கும் நன்றி. சோதித்ததில் கிடைத்தவை:

செக் வால்வு இரண்டு பக்கமும் விடுகிறது. டேங்க் தாங்குகிறது. மூடியின் மோட்டார்கள் தாங்குகின்றன. ஹெட்லைட் சுவிட்ச்சை நகர்த்தினால் உஸ் சத்தம் நிற்கிறது, ஆஃப் நிலையில் மட்டும் திரும்ப வருகிறது. மாடுலேட்டர் குழாய் உலர்ந்திருக்கிறது, அங்கே வரும் எண்ணும் மேனிஃபோல்டு எண்ணும் ஒன்றே.

ஆனால் மேனிஃபோல்டு கேஜில், சுவிட்ச்சுக்குப் போகும் கிளையை அடைத்த பிறகும், நியூட்ரலில் 14.5 இன்ச், ஆடாமல் நிற்கிறது. டி-யில் ஏசியோடு 11. இதுதான் அந்தப் பின்தங்கிய டைமிங்கா?

கூடவே ஒரு சின்னக் கேள்வி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி நிறுத்துமிடத்தில் வினைல் கூரைக்கு உறை போடலாமா?

---

வேக்கும்_வேலன்:

செக் வால்வையும் சுவிட்ச்சின் வால்வையும் சரிசெய்தால் மூடியும் ஏசியும் பெரும்பாலும் சரியாகிவிடும். 11 இன்ச்சில் கியர் சரியாகாது. ஆமாம், டைமிங்தான் முதல் சந்தேகம். அதற்கு முன் கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டையும் பிசிவி குழாயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அங்கேயும் சீராகக் கசியலாம். பட்டறையில் புகை விட்டுச் சோதிக்கும் கருவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. சூடான எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துத் தேடும் பழக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்.

அடுத்து டைமிங் லைட். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கும் குழாயைக் கழற்றி அடைத்து, பானெட் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் சொல்லும் ஐடில் வேகத்தில் வையுங்கள். அதில் உள்ள டிகிரியோடு ஒப்பிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிராங்க் பேலன்ஸரின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் கிழடாகி வளையம் நகர்ந்தால் குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் பிளக்கை எடுத்து, பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான உச்சநிலையைக் கண்டுபிடித்து, குறி அங்கேதான் விழுகிறதா என்று பாருங்கள்.

டைமிங் சரியாக இருந்தும் 14.5 மாறவில்லை என்றால், கிராங்க்கையும் கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைக்கும் செயின். 400-ல் கேம் பல்சக்கரத்தின் பற்களுக்கு நைலான் பூச்சு. வயதானால் அது நொறுங்கி விழும், செயின் தளரும், கேம் பின்தங்கும். பிளக்குகளை எல்லாம் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டை ஓடும் திசையில் திருப்பி உச்சக் குறியில் நிறுத்துங்கள். பிறகு மெதுவாகப் பின்னோக்கித் திருப்புங்கள். ரோட்டர் அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, பேலன்ஸரில் எத்தனை டிகிரி என்று படியுங்கள். 5, 6-க்குள் என்றால் பரவாயில்லை. 10-ஐத் தாண்டினால் செயின் கட்டாயம் மாற்ற வேண்டியது. அதற்கு இன்னொருவர் வேண்டும், ஒருவர் திருப்ப மற்றவர் ரோட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

---

கியர்பாக்ஸ்_ராஜா:

செயின் மாற்றுவதானால் ஆயில் பேனையும் இறக்கச் சொல்லிவிடுங்கள். நொறுங்கிய நைலான் துண்டுகள் ஆயில் பம்பின் உறிஞ்சு வலையில் போய் அடைத்துக்கொள்ளும், புதுச் செயின் போட்ட எஞ்சின் எண்ணெய் இல்லாமல் போகும். பேனை எடுக்க எஞ்சினை மவுன்ட்டிலிருந்து கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கலாம், கூலியைப் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

சக்கரம் வாங்கும்போது முழு இரும்பு, இரட்டை ரோலர் செட். 351 கிளீவ்லண்ட் எஞ்சினின் செட் 400-க்குப் பொருந்தும். எழுபதுகளில் புகை விதிகளுக்காக ஃபோர்டு கேமைச் சில டிகிரி பின்தள்ளி வைத்தது. அந்தப் பின்தள்ளல் இல்லாத நேர்க்குறி செட் என்று கேட்டு வாங்கினால் ஐடில் உறிஞ்சலும் தாழ்ந்த வேக இழுவையும் இரண்டுமே கூடும். அமுக்க விகிதம் 8-க்குப் பக்கம்தான், 95 பெட்ரோலே தாராளம்.

---

சின்மிங்_சிவா:

உறை விஷயம். பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. மழை, உடனே வெயில், உள்ளே வேர்வை, வினைலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் வெளியேற வழியில்லை. காற்று போகும் துணி உறையென்றாலும் மழை நின்றதும் எடுத்துக் காய விடுங்கள். பின்கண்ணாடியின் அடிவிளிம்பிலும் ஓபரா ஜன்னலை (கூரையின் பின்தூணில் உள்ள சின்னக் கண்ணாடி) சுற்றியும் விரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் அடியில் துரு. கொப்புளத்தை ஊசியால் குத்தி விடாதீர்கள், நேராகத் தண்ணீர் இறங்கும். பின்கண்ணாடிச் சட்டத்தின் பூண்களுக்கு அடியில் இலை தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளியில் மரத்தடியைத் தவிர்த்து, வரிசைக் கடைசிக் கட்டமாகப் பிடியுங்கள். கட்டம் 4.8 மீட்டர், வண்டி 5.85. அகலம் 2.02, கட்டம் 2.4. நடுக் கட்டத்தில் போட்டால் அந்த நீளக் கதவை இறங்கும் அளவுக்குத் திறக்கவே முடியாது. பாதி திறந்து உடம்பை நுழைத்து இறங்கினால், கதவின் பாரம் கீல் புஷ்ஷில் விழுந்து கதவு தொங்கிவிடும். திறந்த கதவின் பின்நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் 3 மிமீக்கு மேல் இருந்தால் செயினுக்கு ஆர்டர் போடும்போது கீல் பின்னும் புஷ்ஷும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், கப்பல் கூலி ஒன்றாகப் போகும்.